எட்டுத் தலைப்பாகை

ஹாரூன்: ஏன் நிறுத்துறீங்க?

பாபிக்கர்: நான் எங்க தம்பி நிறுத்தினேன்? முன்னாடி பாரு. எட்டுப் பேர் தலைப்பாகையை அவுத்து ரோட்டுக்குக் குறுக்கே பிடிச்சிருக்காங்க.

ஹாரூன்: கொள்ளைக்காரங்களா?

பாபிக்கர்: பாய் விரிச்சு, தட்டு வெச்சுக் கொள்ளையடிக்கிறவனை எங்கயாவது பார்த்திருக்கியா? நோன்பு திறக்கிற நேரம். ரோட்டுல போறவங்களை மறிச்சு, சாப்பிட வெச்சுத்தான் அனுப்புவாங்க.

ஹாரூன்: தெரியும்ணே. நானும் சூடான்காரன்தான். ஹாரனை அடிங்க.

பாபிக்கர்: அடிச்சா, வர்றேன்னு சொல்றதா நினைச்சு இன்னும் நாலு பேர் வருவாங்க.

ஹாரூன்: இருட்டுறதுக்குள்ள இந்த லாரி முகாமுக்குப் போகணும். தளபதி காத்திருப்பார்.

பாபிக்கர்: மூட்டை மேல என்ன ஊர் போட்டிருக்கு தம்பி? இந்த ஊர்தான். சண்டையில சிக்கின சனங்களோட பொது அடுப்புக்குன்னு துறைமுகத்துலயே எழுதி அனுப்பியிருக்காங்க. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தேன். கடைசிச் சோதனைச் சாவடியில நீ ஏறி உக்காந்து...

ஹாரூன்: மூட்டையில எழுதினது வேற. எனக்கு வந்த உத்தரவு வேற.

பாபிக்கர்: அந்த உத்தரவுதான் மத்தியானத்துல இருந்து என் விலாவுல இடிச்சிட்டிருக்கு. துப்பாக்கியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வையேன்.

ஸித்தனா: யாரு வண்டியில? இறங்குங்க, இறங்குங்க! நான் ஸித்தனா. இந்த ஊர் அடுப்பு என் பொறுப்பு.

ஹாரூன்: வேலையாப் போறோம் சித்தி. வழியை விடச் சொல்லுங்க.

ஸித்தனா: நோன்பா?

ஹாரூன்: நோன்புதான்.

ஸித்தனா: அப்ப இறங்கு. துப்பாக்கிக்கு நோன்பு இல்லல்ல? அது உள்ளயே கிடக்கட்டும்.

ஹாரூன்: விளையாடாதீங்க. வழி விடலைன்னா ஏத்திட்டுப் போயிருவோம்.

ஸித்தனா: ஏத்து. ஒண்ணைக் கேட்டுட்டு ஏத்து. அந்த எட்டுப் பேரும் தலாக் சத்தியம் பண்ணிட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் இந்தப் பாயில வயிறாரச் சாப்பிடாமப் போனா, அவங்க பெண்டாட்டிமார் அவங்களுக்கு இல்ல.

ஹாரூன்: எட்டுப் பேருமா?

ஸித்தனா: எட்டுப் பேரும்.

பாபிக்கர்: அல்லாவே... எட்டுக் குடும்பம் தம்பி.

ஹாரூன்: விருந்தாளியை இழுக்க யாராவது ஒருத்தர் சத்தியம் பண்றதைப் பார்த்திருக்கேன். கூட்டமா யாராவது...

பாபிக்கர்: எங்க மாமா ஒரே கோழிக்கு மூணு தடவை பண்ணினார். விருந்தாளி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அத்தை துணிமூட்டையைக் கட்டி வெச்சுட்டு வாசல்ல உக்காந்திருந்துச்சு.

ஹாரூன்: ...சரி. ரெண்டு வாய். அவ்வளவுதான்.

ஸித்தனா: பாங்கு சொல்லியாச்சு. தண்ணி குடி. பேரீச்சம்பழம் எடு.

ஹாரூன்: ஒரு பழத்தை நாலாக் கீறியிருக்கு?

ஸித்தனா: எல்லாருக்கும் வரணும்ல.

ஹாரூன்: ஓலை மூடி போட்டு இத்தனை தட்டு வெச்சிருக்கீங்களே. இதைத் திறக்கட்டா?

ஸித்தனா: திற.

பாபிக்கர்: என்ன தம்பி இருக்கு?

ஹாரூன்: காலி.

ஸித்தனா: அடுத்ததைத் திற.

ஹாரூன்: இதுவும்... சித்தி, எல்லாமே காலியா?

ஸித்தனா: மாவு தீர்ந்து பதினோரு நாள் ஆச்சு. நேத்து வரைக்கும் மாட்டுக்கு வெச்சிருந்த கடலைப் புண்ணாக்கை அவிச்சோம். அதுவும் முடிஞ்சது.

ஹாரூன்: காலித் தட்டை வெச்சுக்கிட்டா வண்டியை மறிக்கிறீங்க?

ஸித்தனா: மறிக்கலைன்னா வண்டி போயிடுமே.

ஹாரூன்: அப்ப நாங்க எதைச் சாப்பிடறது?

ஸித்தனா: உங்க லாரியில சோள மாவு இருக்கு, பருப்பு இருக்கு. எங்கிட்ட தண்ணி கொதிக்குது. காய்ஞ்ச வெண்டைக்காய்ப் பொடி ஒரு கை இருக்கு. களி கிண்ட எவ்வளவு நேரம்?

ஹாரூன்: இது பேசி வெச்சுச் செஞ்ச வேலை. அண்ணே, உங்களுக்கு முன்னாடியே தெரியும்!

பாபிக்கர்: எனக்கா? எனக்கு என்ன...

ஹாரூன்: டயர்ல காத்து இல்லன்னு ஒரு மணி நேரம் நின்னீங்களே? அதனாலதான சரியா இந்த நேரத்துக்கு...

பாபிக்கர்: டயர் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி.

ஹாரூன்: ...ஒரு மூட்டை. ஒண்ணே ஒண்ணு பிரிங்க. சாப்பிட்டுட்டுக் கிளம்பறோம்.

ஸித்தனா: பாயில ஒருத்தர் பசியோட இருக்கும்போது இன்னொருத்தர் தட்டுல கை வெக்க மாட்டோம். பின்னாடி திரும்பிப் பாரு.

ஹாரூன்: எத்தனை பேர்...

ஸித்தனா: குண்டுக்குப் பயந்து ஓடிவந்து பள்ளிக்கூடத்துல தங்கியிருக்கிறவங்களையும் சேர்த்து எழுநூறு. நடக்க முடிஞ்சவங்க வந்திருக்காங்க. மத்தவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுக்கணும்.

ஹாரூன்: அப்ப பத்து மூட்டை எடுத்துக்கோங்க.

ஸித்தனா: நாளைக்கும் பசிக்கும்.

ஹாரூன்: மொத்தமும் இறக்கினா தளபதி என்னை உயிரோட விடமாட்டார் சித்தி!

ஸித்தனா: தெரியும். அதனாலதான் நான் கெஞ்சல. கெஞ்சினா நீ முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடலாம். சாப்பிட உக்காந்தவன் அப்படிப் போக முடியாது.

பாபிக்கர்: தம்பி... பின்கதவைத் திறக்கட்டுமா?

ஹாரூன்: திறங்க.

பாபிக்கர்: எத்தனை இறக்கட்டும்?

ஹாரூன்: லாரியோட அடிப்பலகை தெரியிற வரைக்கும்.

ஸித்தனா: அடுப்பை ஏத்துங்கடி! ஏய், பார்த்துத் தூக்கு, ஒரு பிடி சிந்தினாலும் பொறுக்க வெச்சிருவேன்!

பாபிக்கர்: நானும் தூக்கறேன். இவ்வளவு தூரம் ஓட்டினதே இதுக்குத்தான்.

ஸித்தனா: எல்லாருக்கும் பரிமாறியாச்சு. களி எப்படி இருக்கு மகனே?

ஹாரூன்: உப்பு இல்ல.

ஸித்தனா: உப்பு அனுப்பவே இல்லயே உங்க துறைமுகத்துக்காரங்க... இந்தா, இன்னொரு கவளம். ஒண்ணு சொல்லணும். சோறு போட்டுட்டு மறைக்க மனசு வரல. அந்த எட்டுப் பேர்ல ஒருத்தனுக்கும் பெண்டாட்டி கிடையாது. மூணு பேர் சண்டையில பறிகொடுத்தவங்க. மத்தவங்க கல்யாணமே ஆகாதவங்க. குடும்பம் நடத்துறவனை நான் அந்தச் சத்தியம் பண்ண விடுவேனா?

பாபிக்கர்: அட! இது எனக்கே தெரியாதே!

ஹாரூன்: நானும் ஒண்ணு சொல்லணும். சாவடியில லாரியில ஏறும்போது தளபதிகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தேன். ஒரு மூட்டை குறையாம முகாமுக்கு வந்து சேரும்னு.

ஸித்தனா: என்ன சத்தியம்?

ஹாரூன்: அதே தலாக் சத்தியம்தான். வேற எது சொன்னாலும் அவர் நம்பி அனுப்பியிருக்க மாட்டார்.

ஸித்தனா: ஐயோ, உன் குடும்பத்தைக் கெடுத்துட்டேனே! உன் பெண்டாட்டி எங்கப்பா இருக்கா?

ஹாரூன்: எனக்கு எங்க சித்தி கல்யாணம் ஆச்சு? நான் அங்க திரும்பிப் போறதா இல்ல. நாளைக்கும் ஒரு லாரி வருது, வேற ஒருத்தன் துப்பாக்கியோட ஏறி வருவான். எனக்கு ஒரு தலைப்பாகை குடுங்க... ஒன்பதாவது ஆளா நான் நிக்கிறேன்.