மாப்பிள்ளை போட்ட தாழ்ப்பாள்

எங்கள் கடை டிவி மற்ற வீட்டு டிவிகளைவிடக் கொஞ்சம் மெதுவு, மேடம். இன்டர்நெட் வழியாக வருகிற படம், அரை நிமிஷம் பின்னால்தான் ஓடும். எதிர்க்கடை மீன்காரர் பழைய ஆள், ரேடியோதான் கேட்பார். அவர் "கோல்" என்று தெருவே அதிரக் கத்தும்போது எங்கள் டிவியில் எதிரணி கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றிருப்பான். எரிச்சலாக இருக்கும். அதனால் ஷட்டரை இறக்கிவிட்டு, மீன்காரர் சத்தம் காதில் விழாத அளவுக்குப் பாடுவதென்று பழக்கப்படுத்திக்கொண்டோம். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

என் பெயர் எவரிஸ்தோ. பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். மொலினோ கிளப்புக்காக கேலரியில் நின்று பல வருஷம் பெரிய முரசு அடித்தவன். முரசடிக்கிற கோல்கூட நானே செய்ததுதான், நல்ல கட்டை, தலையில் டியூப் ரப்பரை இறுக்கிச் சுற்றியிருப்பேன். ஒரு முறை கான்டெரா கிளப் ரசிகன் ஒருவனோடு சின்னத் தகராறு. அவனுக்குத் தாடை கழன்றது, ஒரு கண்ணும் சரியாக வரவில்லை என்று பிறகு சொன்னார்கள். கையில் கோல் இருந்தது, அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் மூன்று பேரையும் மைதானத்துக்குள் விடுவதில்லை. நான், பஸ் ஓட்டுகிற ஒரெஸ்தே, பேக்கரிக்கார வலெந்தின். நான் குறை சொல்ல மாட்டேன். சட்டம் என்றால் சட்டம். ஆட்டத்தைக் கடையிலேயே பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் முறைப்படி நடக்கும். வலெந்தின் கொல்லையில் கரி மூட்டி சோரிசோ இறைச்சிக் குழல் சுடுவான். முதல் துண்டு எங்களுக்கில்லை, நெருப்புக்கு. ஒரெஸ்தே ஜெயித்த அன்று போட்ட சட்டையைத் தோற்கும்வரை துவைக்க மாட்டான். பாதியாக அறுத்த பாட்டிலில் ஃபெர்னெட் என்கிற கசப்புச் சாராயமும் கோலாவும் கலந்து வலப்பக்கமாக மட்டுமே கைமாறும். பிறகு நான் முரசைத் தட்டுவேன், ஒரெஸ்தே எடுத்துக் கொடுப்பான்.

மழையில வந்தேன், மொலினோ, வெயில்ல வந்தேன்,
பொண்டாட்டி போனாலும், மொலினோ, உன்கூட வந்தேன்.

ஒரெஸ்தேயின் பெண்டாட்டி நிஜமாகவே போய்விட்டாள். அந்த வரியை அவன் கண்ணை மூடிக்கொண்டு பாடுவான். முந்தும்போது குதித்துப் பாட ஒரு பாட்டு, பின்தங்கினால் இழுத்துப் பாட ஒரு பாட்டு. எங்கள் பாட்டை வைத்தே தெருக்காரர்கள் ஸ்கோரைச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு. கோல் விழும்போது யார் எங்கே இருந்தார்களோ, ஆட்டம் முடியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இது எங்கள் கடைச் சட்டம் இல்லை. இந்த நாட்டில் நீதிபதி வீட்டிலும் இதுதான். உங்கள் வீட்டிலும் இருக்கும், மேடம்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். அன்செல்மோ என் தங்கை நெலிதாவின் புருஷன். பூட்டு, சாவி, தாழ்ப்பாள் வேலை. சாதுவான மனிதர். "அண்ணே, இவரையும் கூட்டிட்டுப் போயேன், ஞாயித்துக்கெழம வீட்ல ஒக்காந்து நகத்தக் கடிக்கிறாரு" என்று நெலிதாதான் சொன்னாள். கூட்டிவந்தேன். தோற்றோம். மறுவாரமும் வந்தார், தோற்றோம். ஒரெஸ்தே அவர் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டான். அவர் உள்ளே நுழைந்தால் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு முறை தொட்டுக்கொள்வான். ராசியில்லாத ஆள் எதிரே வந்தால் எங்கள் பக்கம் எல்லா ஆம்பிளையும் செய்வதுதான்.

"பஸ்ஸ எடுக்கறப்ப இந்தாளு ஏறினா நான் பிரேக்க செக் பண்ணுவேன்" என்றான் ஒரெஸ்தே.

மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை.

ஒரு நாள் அவர் கழிவறைக்குப் போயிருந்தபோது கோல் விழுந்தது. "மாப்ள, அங்கயே இருங்க, நகராதீங்க" என்று மூன்று பேரும் கத்தினோம். இருந்தார். ஜெயித்தோம். அடுத்த வாரம் அவராகவே சோரிசோவும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஷட்டரை இறக்கிவிட்டால் தெருச் சத்தம் நேராக வருவது அந்த அறைக்கு மட்டும்தான். மேலே கையகலக் காற்றுத் துவாரம், நேரெதிரே மீன்கடை. அதனால் எங்களுக்கு முன்னாலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். "கோல் விழுந்தாலும் வாயத் தெறக்கக் கூடாது" என்று சொல்லிவைத்தோம். "என் வாயில இருந்து ஒண்ணும் வராது மச்சான்" என்றார். சொன்னபடி இருந்தார். எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது.

ஒரு ஆட்டத்தில் முடிகிற நேரத்தில் சந்தோஷம் தாங்காமல் வெளியே வந்துவிட்டார். எதிரணி சமன் செய்துவிட்டது. அன்றைக்கு யாரும் அவரிடம் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போனவர் மறுநாள் கருவிப் பெட்டியோடு வந்து, கழிவறைக் கதவுக்கு வெளிப்பக்கமாக இரும்புத் தாழ்ப்பாள் போட்டார். நான் போடுகிறேன் என்றேன். "விடுங்க மச்சான், நீங்க போட்டா கோணலாப் போயிரும்" என்றார். நல்ல வேலை. இன்றைக்கும் வழுக்கிக்கொண்டு போகும்.

அடித்தது எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். ஒரு நாள் கோலே விழவில்லை, எல்லாரும் கடுப்பில் இருந்தோம். உள்ளே திடீரென்று மாப்பிள்ளை கதவைத் தட்டினார், நிறுத்தாமல் தட்டினார். எனக்குத் தாளம் பிசகியது. போய்த் தாழ்ப்பாளைத் திறந்து, கையிலிருந்த முரசுக் கோலாலேயே தோளில் ஒன்று வைத்தேன். கதவைச் சாத்தித் திரும்பினால் டிவியில் பந்து வலைக்குள்.

நாங்கள் என்ன நினைத்திருப்போம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையே கதவிடுக்கில் தோளை நீட்டினார். "போடுங்க மச்சான். வலது கை மட்டும் வேணாம், சாவி ராவறதுக்கு வேணும்." வலது கையை நான் தொடவே இல்லை. ஜெயித்தோம். சில வாரம் தோள் போதுமானதாக இருந்தது. பிறகு இரண்டு ஆட்டம் கோலே விழாமல் இழுத்தது, தோளில் பலன் போய்விட்டது என்று ஒரெஸ்தே சொன்னான். வாயில் அடித்துப் பார்த்தோம். முன்பல் ஒன்று போனது, மொலினோ பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. விலா எலும்பும் நன்றாக வேலை செய்தது. இதெல்லாம் கோபத்தில் நடக்கவில்லை, மேடம். நான் ஒருமுறைகூட அவரைத் திட்டியதில்லை. முடிந்ததும் ஐஸ் வைத்துக் கொடுப்பேன். வலெந்தின் பேக்கரியிலிருந்து மெத்தென்ற ரொட்டியாகப் பார்த்துக் கொண்டுவருவான்.

நடுவில் ஒரு வாரம் அவர் வரவில்லை, காய்ச்சல் என்றார். தோற்றோம். அதற்குப் பிறகு காய்ச்சல் வரவில்லை.

கடைசி ஆட்டம் கான்டெராவோடு. ஜெயித்தால் மேல் டிவிஷன். மொலினோ அங்கே ஆடியதை என் அப்பாவே பார்த்ததில்லை. அதற்கு முந்தைய நாள் நெலிதா கடைக்கு வந்தாள்.

"அண்ணே, அவரு ஒரு பக்கமாவே படுக்கிறாரு. சூப்பக்கூட உறிஞ்சித்தான் குடிக்கிறாரு. கேட்டா பட்டறையில விழுந்தேங்கிறாரு. எத்தன தடவதான் விழுவாரு?"

"வயசாகுதில்ல."

"நாப்பது வயசுண்ணே." என் முகத்தையே பார்த்தாள். "நாளைக்கு ஒரு நாள் அவர விட்டுரு. நான் உங்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்ல."

"நான் கூப்பிட மாட்டேன்" என்றேன்.

கூப்பிடவும் இல்லை. நேரில் போய்க் கூட்டிவந்தேன். நெலிதா சந்தைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை சமையலறையில் மாத்தே டீக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், குடிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மச்சான், இதான் கடைசி. ஆட்டம் முடிஞ்சதும் என்ன விட்டுரணும். அப்பறம் கூப்பிடவே கூடாது."

"ஆட்டம் முடிஞ்சதும் விட்டுர்றேன்."

"சத்தியமா?"

"அம்மா சத்தியமா" என்றேன். அம்மா பெயரில் நான் பொய் சத்தியம் செய்ததில்லை. வழியில் அவர் கையைப் பிடித்து இழுத்துப்போனதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். மெதுவாக நடந்தார், பிடித்துக்கொண்டேன். வேறொன்றுமில்லை.

எல்லாம் முறைப்படி செய்தோம். முதல் துண்டு நெருப்புக்குப் போனது. பாட்டில் வலப்பக்கமாகப் போனது. மாப்பிள்ளை உள்ளே போனார், ஒரெஸ்தே பாட்டை எடுத்துக் கொடுத்தான். தொடக்கத்தில் விலாவில் ஒன்று. பலனில்லை. இடைவேளையில் வாயில். பலனில்லை. கான்டெராக்காரர்கள் எங்கள் கோலை முற்றுகையிட்டுக்கொண்டே இருந்தார்கள். வலெந்தின் அழவே தொடங்கிவிட்டான். ஆட்டம் முடியப்போகிற நேரம் தாழ்ப்பாளைத் திறந்தேன். மாப்பிள்ளை என்னை ஒரு மாதிரி பார்த்தார், உதடு துடித்தது, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. அது கோல் விழுந்துவிட்டது தெரிந்த முகம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதல் முறையாகத் தலையில் அடித்தேன். எங்கள் ஒன்பதாம் நம்பர் ஆள் தலையால் முட்டி உள்ளே போட்டான்.

அதற்குமேல் நான் கதவை விட்டு நகரவில்லை. நகர முடியாது, கோல் விழுந்தபோது அங்கேதான் நின்றிருந்தேன். அங்கிருந்து டிவி நன்றாகத் தெரியும். நான் கையை நிறுத்தினால் கான்டெரா பந்தோடு வந்தது. அடித்தால் பந்து வெளியே போனது. பார்த்துப் பார்த்துச் செய்தேன். ஒரெஸ்தேயும் வலெந்தினும் முன்னால் திரும்பிக் குதித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். தாளம் என் கையில் இருந்தது, முரசு மட்டும் இல்லை.

நேற்று விசாரணையில் நீங்கள் ஒன்று சொன்னீர்கள். நான் அடித்ததால் எந்த கோலும் விழவில்லை, அடிப்பதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது, மீன்காரர் ரேடியோவில் கேட்டது, டிவிதான் பிந்திக் காட்டியது என்று. முதல் நாள் மாப்பிள்ளை கதவைத் தட்டியதே கோல் விழுந்த சந்தோஷத்தில் என்றும், வாயைத் திறக்கக் கூடாது என்று நாங்கள் சொன்னதால் கதவைத் தட்டினார் என்றும் சொன்னீர்கள். யோசித்துப் பார்த்தேன். படித்தவர்கள் கணக்கு அப்படி வரலாம். ஆனால் நாங்கள் ரேடியோ கேட்பதில்லை, மேடம். எங்கள் டிவியில் விழுந்தால்தான் எங்களுக்குக் கோல்.

வெளியே வெடிச் சத்தம் கேட்டதா என்று கேட்கிறீர்கள். கேட்டது. தெரு முழுக்க வெடித்தது. அவ்வளவு சத்தத்தை எந்தப் பாட்டாலும் மூட முடியாது. மீன்காரர் எங்கள் ஷட்டரைத் தட்டி "மேல போயிட்டோம்டா, மேல போயிட்டோம்" என்று கத்தினார். வலெந்தின் பாட்டை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "எவரிஸ்தோ, முடிஞ்சிருச்சு போல. விட்டுருப்பா." பாடு என்றேன். பாடினார்கள்.

மாப்பிள்ளை தரையில் இருந்தார். ஒரு கையால் கழிவறைப் பீங்கானைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் வைத்திருந்தார். வலது கை. அவரே வேண்டாம் என்று சொன்ன கை அது, குறுக்கே வந்தால் நான் என்ன செய்வது. "முடிஞ்சிருச்சு மச்சான்" என்றார். "வெடி போடுறாங்க, கேக்குதா. ஜெயிச்சாச்சு. அம்மா மேல சத்தியம் பண்ணீங்க." அதுவும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் சிரிக்கக்கூடச் செய்தார், மொலினோ மேலே போன சந்தோஷம் அவருக்கும் இருந்தது. ஆனால் எங்கள் டிவியில் கான்டெரா கார்னர் எடுக்க வந்துகொண்டிருந்தது. பந்து எங்கள் கோலுக்கு முன்னால் சுழன்று வந்து இறங்கியது. நான் அடித்தேன். பந்து வெளியே போகும்வரை அடித்தேன். நடுவர் விசில் ஊதினார், நிறுத்தினேன். முரசுக் கோலைத் துடைத்து மூலையில் வைத்தேன். அவர் எழுந்து வர வசதியாகக் கதவை நன்றாகத் திறந்துவிட்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். அன்செல்மோவை அடித்துக் கொன்றது நான்தான், மற்ற இருவரும் பாடினார்கள், அவ்வளவே. ஆனால் நான் வாக்குத் தவறினேன் என்று மட்டும் நெலிதாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஆட்டம் முடிந்ததும் விட்டுவிட்டேன். அவர்தான் இன்னும் ஒரு அரை நிமிஷம் பொறுத்திருக்கலாம்.