இலையனும் முள்ளனும்

வெட்டுக்கிளி என்றாலே பயிரை மேயும் பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். எங்கள் அருங்காட்சியகத்தில் இருப்பவை மழைக்காட்டு வகை, உள்ளங்கையை அடைத்துக்கொள்ளும். ஒன்றை இலையன் என்போம். தொட்டால் இலைபோலவே அசையாமல் கிடக்கும். மற்றது முள்ளன், எடுத்தால் காலால் கீறி, ரத்தம் வரக் கடித்துவிடும். இரண்டில் முள்ளனே பெரியது என்று ஊரறியச் சொன்னவன் நான். அதை வைத்துத்தான் எனக்குப் பூச்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பே வந்தது.

என் மனைவியின் அண்ணன் எனக்குக் கீழே வேலை பார்த்தார். தங்கமான மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. அன்று மதியம் என் மேசைக்கு வந்து, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

"மாப்பிள்ளை, முள்ளன்ல பொட்டையோட முட்டையிடுற ஊசியையும் சேர்த்து அளந்திருக்கீங்க. இலையனுக்கு அதை விட்டுட்டீங்க. சரியா அளந்தா இலையன்தான் பெருசு."

வேறு யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை, ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு நாமே இயக்குநரிடம் சொல்லிவிடலாம் என்றார். நாமே என்றார், பாருங்கள். போகப்போவது என் மானம்.

நான் அளந்த பழைய பூச்சிகள் உறைகுளிர் அறையில் இருக்கின்றன. அதன் உள்பக்கக் கைப்பிடி உடைந்து நாளாகிறது. அதனால் ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது எங்கள் வழக்கம். அவர் போனார், நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு விட்டுவிட்டேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

முதலில் சிரித்தார், விளையாட்டு போதும் என்றார். பிறகு தட்ட ஆரம்பித்தார். வெளியே வந்தால் என்ன சொல்வாரோ என்று பயம். நேரமாக ஆக, இனித் திறந்தால் இதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டுமே என்று இன்னும் பயம்.

"என் தங்கச்சிக்காகவாவது திறங்க மாப்பிள்ளை" என்றார்.

சத்தம் நின்ற பிறகும் நான் அங்கேயேதான் இருந்தேன். அவரைத் தனியாக விட்டுப்போக மனசு வரவில்லை. பூச்சிகளை அப்படித்தான் கொல்வோம்; துடிக்காது, மெல்ல மெல்ல அடங்கிவிடும். வீட்டுக்குப் போனதும் மனைவி, அண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்றேன்.

கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே இருந்தவரைவிட வெளியே நின்ற நான்தான் அதிகம் பயந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.