தர்சிகனின் முதுகு

இடைவேளைக்கு ஆரஞ்சு வெட்டுவது எங்கள் அணியில் என் வேலை. பிள்ளைகளுக்குத் தோல் உரிக்கப் பொறுமை இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கிரிக்கெட் லீக்கின் சிறுவர் பாதுகாப்பு அதிகாரி. உங்களுக்கு வந்த முறைப்பாட்டில் இது இருக்காது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இளையோர் கிரிக்கெட் அணிக்கு நான் மனேஜர். யாழ்ப்பாணத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூடப் பார்த்திராத பிள்ளைகள் அதன் மானத்துக்காக இங்கே விழுந்து எழும்புகிறார்கள். தகப்பன்மார் கொத்து ரொட்டியுடன் எல்லைக்கோட்டில் நின்று, தாங்கள் ஒருபோதும் வீசாத பந்துகளுக்கு விளக்கம் சொல்வார்கள். ஒருவராவது நிதானமாக இருக்க வேண்டும். என் மனைவி பிரமிளா இறந்தபின் எனக்கு நிதானம் தாராளமாக இருந்தது.

தர்சிகன் பதினாறு வயது வேகப்பந்து வீச்சாளன். அவனை உருவாக்கியது நான். ஓட்டத்தைச் சீராக்கியதும், தோற்றால் அழக் கூடாது என்று பழக்கியதும் நான்தான். வசந்தத்தில், தொழில்முறை வீரர்களை உருவாக்கும் கவுண்டி அக்கடமி அவனைத் தேர்வுக்கு அழைத்தது. தொடர்புக்கு அவன் தகப்பன் கிருஷ்ணராசா என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். எங்களவர்கள் இப்படித்தான். லண்டனில் கடையே நடத்துவார்கள். அதிகாரிகளின் ஆங்கிலம் என்றால் படித்த பொடியன் ஒருவனைத் தேடுவார்கள்.

“நீர் கதையும் தம்பி. அவையளோட எனக்குக் கதைக்க ஏலாது.”

தேர்வு முடிந்ததும் அக்கடமி மருத்துவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் பையனின் சித்தப்பா என்றேன். ஸ்கானில் அவன் கீழ் முதுகெலும்பில் மெல்லிய வெடிப்பு தெரிகிறது, கோடை முழுவதும் பந்து வீசவே கூடாது, ஓய்வெடுத்தால் ஆறிவிடும், அவனைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், இடம் காத்திருக்கும் என்றார். அன்பான மனிதர். எனக்கு விளங்கியதா என்று திரும்பவும் கேட்டார். நன்றாக விளங்கியது.

மருத்துவர் ஒருவரின் தொலைபேசி அழைப்பு ஒரு வீட்டை என்ன செய்யும் என்று நான் அறிவேன். அதை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

“அவனை எடுக்கேல்லை அண்ணை,” என்றேன் கிருஷ்ணராசாவிடம். “இன்னும் கூடப் பந்து போடட்டாம்.”

“முதுகு நோகுது எண்டு சொல்லுறானே?”

“வளருற வயசு.”

அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அதன்பிறகு வலைப் பயிற்சியிலிருந்து தர்சிகன்தான் கடைசியாக வீட்டுக்குப் போவான். நிராகரிக்கப்பட்டவன் நன்றாக உழைப்பான். ஒருநாள் குனிந்து சப்பாத்து நாடா கட்ட முடியாமல் நின்றான். “என்ன ப்ரோ, பென்ஷன் எடுத்திட்டியா?” என்றான் அணித்தோழன் நிஷாந்த். எல்லோரும் சிரித்தார்கள், தர்சிகனும்தான். அணி உணர்வு இப்படித்தான் வளர்கிறது. நான் வலி மாத்திரை கொடுத்தேன். வெறும் வயிற்றில் கொடுத்ததில்லை. அந்த விஷயத்தில் நான் கவனம்.

இளம் பந்துவீச்சாளர்களுக்கு ஓவர் எல்லை உண்டு என்பது எனக்குத் தெரியும். சங்கங்களின் கோடை விழாப் போட்டியில் அதைப் பார்க்க ஆளில்லை. பாண்ட் வாத்தியத்துக்கு மட்டும் ஆள் உண்டு. ஒரு முனையிலிருந்து அவனை நிறுத்தாமல் வீச வைத்தேன்.

“அண்ணா, ஏலாது. சீரியஸா.”

“இன்னும் ஒரு ஓவர்.”

அவன் சொல் கேட்கிற பிள்ளை. வீசி முடித்தபின் நிமிர முடியவில்லை. வாத்தியம் கொஞ்ச நேரம் தொடர்ந்தது.

அறுவைச் சிகிச்சை செய்து, இப்போது அவன் முதுகில் திருகாணிகள் இருக்கின்றன. இனி அவன் பந்து வீச மாட்டான். முறைப்பாடு செய்தவர் அந்த மருத்துவர்தான் என்று ஊகிக்கிறேன். கிருஷ்ணராசா அண்ணைக்கு ஒன்றும் தெரியாது; தொடர்பு எண் என்னுடையது என்பதால், குடும்பத்துக்கு நீங்கள் அனுப்பிய அறிவித்தலும் எனக்குத்தான் வந்தது.

தெரிந்தே செய்தேனா என்று கேட்டீர்கள். ஆம். மருத்துவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெரிந்தே செய்தேன். ஆனால் இதையும் பாருங்கள்: தர்சிகன் ஞாயிறுதோறும் மைதானத்துக்கு வருகிறான். கதிரையில் என் பக்கத்தில் இருக்கிறான். சாயந்தரம் நான்தான் வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன். கவுண்டிக்குப் போயிருந்தால், பாவம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எவ்வளவு தனித்துப்போயிருப்பான்.