பானுவின் நாலு நாள் லீவு

— நாலு நாளா தறி செட்டுக்கு வரல. கம்பெனி வேன் தெனமும் மடவார் வளாகம் முக்குல நின்னு ஆரன் அடிச்சிட்டுப் போகுது. அதான் நானே பஸ் ஏறி வந்துட்டேன். என்னட்டி பானு, ஒடம்புக்கு முடியலையா?

— ஒடம்புக்கு ஒண்ணுமில்ல கிருபாக்கா. உக்காருங்க. நான் இனிமே வரல.

— வரலன்னா? கேரளாவுக்குப் போற பேண்டேஜ் துணி, இந்த வாரம் லோடு ஏத்தணும். ஒன்னோட ஆறு தறியும் சும்மா கெடக்கு. சூப்பர்வைசர்னு மொதலாளி என்னயத்தான் கேக்காரு.

— பெரிய கோயில் பக்கத்துல ஒரு பால்கோவா கடையில பேக்கிங் வேலைக்குச் சொல்லிருக்கேன்.

— ராஜபாளையத்துல நம்ம செட்டுல வாங்குறதுல பாதிகூட வராதுட்டி. இந்த ஊர்ல மார்கழி, ஆடிப்பூரம்னு கூட்டம் வந்தா வேல இருக்கும், பொறவு ஈ ஓட்டணும். ஒன் வீட்டுக்காரருக்கும் வத்திராயிருப்புல தேங்கா வெட்டு நடந்தாத்தான லோடு ஆட்டோ ஓடும்?

— எல்லாம் யோசிச்சுத்தான்க்கா.

— செட்டுல யாரும் எதுவும் சொன்னாவளா?

— அவிய ஒண்ணும் சொல்லல. போன ஞாயித்துக்கிழம எம்மவ, நிறுத்தி வச்ச சைக்கிள்ல பெடலச் சுத்தி வெளாண்டுருக்கா. கால் வீலுக்குள்ள மாட்டிக்கிச்சு.

— கம்பி கிழிச்சிட்டா?

— குதிகால்ல ஏழு தையல். நான் அங்கனதான் இருந்தேன், பத்தடி தூரத்துல. முதுகக் காட்டி ஏனம் வெளக்கிட்டிருந்தேன். எதுத்த வீட்டு அழகுத்தாய் மதினி தெருவத் தாண்டி ஓடிவாராவ. என்னன்னு திரும்பிப் பாத்தா, பிள்ள வாயப் பொளந்து அழுதுக்கிட்டிருக்கா. எனக்கு அந்தச் சத்தமே கேக்கல.

— தண்ணி விழுற சத்தத்துல கேட்டிருக்காது.

— கொழாயே தொறக்கலக்கா, வாளித்தண்ணி. பொறவுதான் ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன். குக்கர் விசில் அடிக்கலன்னு ரெண்டு தடவ கேஸ்கட் மாத்துனேன். பருப்பு கருகுச்சு, கடைக்காரன வஞ்சேன். விசிலு அடிச்சிக்கிட்டுத்தான் இருந்திருக்கு.

— இப்ப நான் பேசுறது கேக்குல்ல?

— ஒங்களது தடிச்ச கொரல், கேக்கு. கீச்சுன்னு வாரதுதான் கேக்கல. பிள்ளைக கொரல் அப்படித்தான இருக்கு.

— டாக்டர் என்ன சொன்னாவ?

— ஏழு வருசம் தறிச் சத்தத்துல நின்னுருக்க, போனது திரும்ப வராதுன்னாவ. இனி அங்க போகாம இருந்தா மிச்சம் நிக்குமாம். அடுத்த வியாழக்கிழம மதுரைக்கு டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்காவ.

— காதுக்குப் பஞ்சாவது வச்சிருக்கலாம்.

— வச்சேன்க்கா. தறி நின்னது தெரியலன்னு நீங்கதான வஞ்சிய.

— ஆமா. வஞ்சேன்.

— ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. துணி எறங்கலன்னா ஒங்களத்தான கேப்பாவ.

— மொதலாளிட்ட உள்ளதச் சொல்லிருதேன்.

— வேண்டாம்க்கா. செவிடுன்னு பேர் ஆயிரும். பால்கோவா கடைக்காரரும் யோசிப்பாரு. பிள்ளயப் பாக்க ஆளில்லன்னு மட்டும் சொல்லுங்க.

— சரி. மதுரைக்கு எத்தன மணி பஸ்சு?

— காலையில ஆறு மணிக்கு. எதுக்குக்கா?

— நானும் வாரேன்.

— தொணைக்கு அவரு வாராரு. நீங்க லீவு போட வேண்டாம்.

— தொணைக்கு இல்லட்டி. நீ நின்னது ஏழு வருசம், நான் இருவத்திரெண்டு வருசம். நீ கதவத் தொறந்ததுலேர்ந்து ஒன் வாயப் பாத்துத்தான் பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்.