கொப்பியில் இருந்த ஸ்பானிஷ்

“ஊரெல்லாம் ஜெர்மன், பிரெஞ்சு படிக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் ஸ்பானிஷ்?”

காங்கேசன்துறை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த பெண் தன் கணவரைக் கேட்டாள். அவள் மடியில் ஒரு சின்னக் கொப்பி.

“லேசப்பா. இங்கிலிஷில ‘ஷன்’ எண்டு முடியிறதை ‘சியோன்’ எண்டு மாத்தினால் சரி. ஒரு பின்னேரத்தில நூறு சொல்லு வந்திடும்.”

“ஆரோடை கதைக்க?”

“ஸ்பெயின்காரர் இஞ்ச சுத்திப் பாக்க வருவினம். ஓட்டோவில ஏத்தலாம்.”

அவள் கொப்பியை விரித்தாள்.

“இதில கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை. ஸ்டேஷன், இமிகிரேஷன், டிடென்ஷன், டிப்போர்ட்டேஷன் எண்டெல்லோ கிடக்கு.”

“முடிவு ஒண்டாயிருக்கெண்டு சும்மா எழுதினது.”

“தென்னமெரிக்காக் காட்டுக்குள்ளால ஆக்களை அமெரிக்காவுக்குக் கொண்டுபோற ஏஜென்சிக்காரன் போன கிழமை ஏன் வீட்டை வந்தவன்? அதுவும் சும்மாவோ?”

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். சுன்னாகம் கழிந்தது.

அவள் கொப்பியையும் பேனையையும் அவர் மடியில் வைத்தாள்.

“‘என்ரை மனிசனை ஆரும் கண்டனீங்களோ’ எண்டு ஸ்பானிஷில எப்பிடிக் கேக்கிறது? அதை எனக்கு எழுதித் தந்திட்டுப் போங்கோ.”