ஃபில்டரைக் கழற்றுவதற்கு முன்

என் பெயர் அம்சவல்லி. தகப்பனார் பெயர் காளியண்ணன். வயது பதினைந்து. ரிங்லெட்டுக்கு மேலே கிளென்ராய் தேயிலைத் தோட்டத்தில், இரண்டாவது டிவிசனில், கோயிலுக்குக் கீழே உள்ள லயத்து வரிசையில் கடைசி வீட்டில் குடியிருக்கிறேன். தானா ராத்தாவில் இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை என்னிடம் யாரும் கேட்கவில்லை. லோரி விபத்தைப் பற்றி என் தகப்பனாரிடம் போலீஸ்காரர் எந்த வரிசையில் கேட்டு எழுதினாரோ அதே வரிசையில் நானாகவே கோர்ட்டுக்கு எழுதுகிறேன். எனக்கு மலாயில் எழுதத் தெரியும். ஆனால் என் தகப்பனார் பேசியது தமிழில். அதைத் தமிழிலேயே எழுதினால்தான் நடுவில் யாரும் கை வைக்க முடியாது. கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் உங்கள் தோட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று பள்ளியில் குணவதி டீச்சர் சொன்னார். வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு அடுப்படியில் மெழுகுவர்த்தி வைத்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அது குளிரினால். பயத்தினாலும்தான்.

என் தகப்பனார் தோட்டத்து லோரி டிரைவர். காலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை மலைக்கு ஏற்றிப் போவார், பிறகு கொழுந்தைத் தொழிற்சாலைக்கு இறக்குவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்து லோரி ஓட்டுகிறார்.

எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஒரு நடைமுறை உண்டு. வண்டிக்குப் புதுச் சாமான் வேண்டுமானால் முதலில் பழையதைக் கழற்றி ஸ்டோரில் கொடுக்க வேண்டும். கொடுத்த உடனே ஸ்டோர் கணக்கைப் பார்க்கும் கிராணி சாம்பசிவம் அவர்கள் அதைச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சுத்தியலால் அடித்து நசுக்கிவிடுவார். யாரும் அதைப் பக்கத்துக் கம்பத்துக் கடையில் கொண்டுபோய் விற்றுவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதன் பிறகுதான் புதுச் சாமான் கிடைக்கும். ஸ்டோரில் இல்லாவிட்டால் கிராணி டவுனுக்குப் போய் வாங்கி வருவார். டிரைவர்கள் கூடப் போகக் கூடாது. கிராணியை 'அவர்கள்' என்று எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள்.

போன சனிக்கிழமை லோரிக்கு எண்ணெய் மாற்ற வேண்டியிருந்ததால் என் தகப்பனார் பழைய ஆயில் ஃபில்டரைக் கழற்றினார். அது டின் மாதிரி இருக்கும். அதன் வாயைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அந்த வளையம் எஞ்சினில் அழுத்தி உட்கார்ந்தால்தான் எண்ணெய் வெளியே வராது. ஸ்டோரில் கொடுக்கும் முன் அவர் அந்த வளையத்தை மட்டும் நகத்தால் கிளப்பி எடுத்துத் துடைத்து என் கையில் வளையல் மாதிரி மாட்டிவிட்டார். ஸ்டோரில் ஃபில்டர் இல்லாததால் கிராணி டவுனுக்குப் போவார் என்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட நூலகத்துக்குப் போக தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் கிராணியின் வண்டியில் ஏறிக்கொள்வது வழக்கம்.

"கடையில புதுசு மேல இத வச்சிப் பாரும்மா. ரெண்டு ரப்பரும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காரணும். உக்காரலன்னா வேணான்னு சொல்லிடு," என்றார். அதன் பிறகு ஃபில்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிராணி அதை நசுக்கினார். அந்தச் சத்தத்தை நான் வண்டிக்குள் இருந்து கேட்டேன்.

தானா ராத்தாவில் சாமான் கடை முதலாளி தவுக்கே அலமாரியில் தேடிவிட்டு, எங்கள் லோரிக்கு உள்ள ஃபில்டர் முடிந்துவிட்டது, செவ்வாய்க்கிழமை ஈப்போவிலிருந்து வரும் என்றார். அதன் பிறகு கிராணி, அதே மாதிரி வேறு இல்லையா என்று கேட்டு, அலமாரியில் இருந்த ஒன்றைத் தாமே கையைக் காட்டி எடுக்கச் சொன்னார். தவுக்கே அதை மேசையில் வைத்தார். வைக்கும்போதே, "கெச்சில் சிக்கிட், லாயின் லோரி புஞ்ஞா," என்றார். கொஞ்சம் சிறியது, வேறு லோரிக்கு உள்ளது என்று அர்த்தம். நான் வளையத்தைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். என் வளையம் புது ரப்பருக்கு வெளியே நின்றது. இரண்டுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நகம் இறங்கியது.

நான் கிராணியிடம், "அப்பா இது உக்காரலன்னா வேணான்னு சொல்லச் சொன்னாருங்க," என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "என்ன மெக்கானிக்கம்மா, வளையல் கடைக்கா வந்திருக்கோம்? பழைய ரப்பரு எண்ணெயில ஊறி ஊதிக் கெடக்கும். மரை ஒண்ணுதான், பூந்துக்கும்லா," என்றார். தவுக்கேயையும் சிரிக்க வைக்கப் பார்த்தார். தவுக்கே சிரிக்கவில்லை. "துங்கு ஹாரி செலாசா," என்று மறுபடியும் சொன்னார், செவ்வாய்க்கிழமை வரை பொறுக்கும்படி. கிராணி காதில் வாங்கவில்லை. வண்டியில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னை மெக்கானிக்கம்மா என்றே கூப்பிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் என் தகப்பனார் அந்த ஃபில்டரைக் கையில் வாங்கியதும் வளையத்தை வைத்துப் பார்த்தார். நான் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் கிராணியிடம், "இது உக்காராதுங்க. ரப்பரு உள்ள தள்ளி நிக்குது. சும்மா ஓடுறப்ப தாங்கும், ஏத்தத்துல முக்குறப்ப பிச்சிக்கும். செலாசா வரைக்கும் பழசையே மாட்டிக்கிறேன்," என்றார்.

"பழசு அந்தா கெடக்கு, மாட்டிக்க," என்று கிராணி மூலையைக் காட்டினார். அங்கே அது தோசை மாதிரி கிடந்தது.

என் தகப்பனார், அப்படியானால் லோரி நிற்கட்டும் என்றார். அதற்கு கிராணி, "நாளைக்குப் பெரிய துரை கோலாலம்பூர்ல இருந்து வராரு. லோரி ஏன் நிக்குதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது? முன்னயே வாங்கி வைக்கலயான்னு என்னத்தான கேப்பாரு? எடுக்க மாட்டேன்னா சாவிய மேச மேல வை. வீட்டுச் சாவியையும் சேத்து வை," என்றார்.

என் தகப்பனார் விளக்கை இன்னும் கீழே பிடிக்கச் சொன்னார். அதன் பிறகு குனிந்து ஃபில்டரை மாட்டினார். எஞ்சினை ஓடவிட்டார்கள். எண்ணெய் கசியவில்லை. கிராணி கீழே டார்ச் அடித்து, "ஒரு சொட்டு இருக்கா பாரு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை நான் லோரியில் முன்பக்கம் என் தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்களை மலையில் இறக்கிவிட்டு என்னைப் பள்ளி பஸ்ஸுக்குப் பெரிய ரோட்டில் விடுவது வழக்கம். கிளம்புவதற்கு முன் அவர் எண்ணெய்க் கம்பியை இழுத்துத் துடைத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். எண்ணெய் சரியாக இருந்தது. பாறை ஏற்றத்தில் பாதி ஏறியபோது சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பிறகு இரும்பை இரும்பின் மேல் இழுப்பது போலச் சத்தம் வந்து எஞ்சின் நின்றுவிட்டது. லோரி பின்னால் உருண்டது. எஞ்சின் நின்றதால் பிரேக் கல்லை மிதிப்பது போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே அவர் இரண்டு காலாலும் மிதித்தார். நாங்கள் ஏறி வந்த பாதையெல்லாம் எண்ணெய் கொட்டியிருந்தது. அதன் மேலேயே லோரி வழுக்கியது. ஒரு பக்கம் பள்ளம். அவர் ஸ்டேரிங்கை மேட்டுப் பக்கம் ஒடித்து லோரியை மண்சுவரில் மோதவிட்டார். மோதியிருக்காவிட்டால் இதை எழுத நான் இருக்க மாட்டேன்.

பின்னால் கதவோரம் நின்றிருந்த பாஞ்சாலை அக்கா கீழே விழுந்து, அவர் கால் லோரிக்கும் மண்சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவர் கத்தவில்லை. கூடையை எடுங்கள், கூடையை எடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்து இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை போலீஸ்காரர் தோட்டத்து ஆபீசுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் தகப்பனாருக்குச் சந்தையில் பேசும் அளவுக்குத்தான் மலாய் தெரியும். கிராணி, நான் சொல்கிறேன் என்று நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் என் தகப்பனாருக்குக் காப்பி கொண்டுபோய் வாசலில் நின்றிருந்தேன்.

என் தகப்பனார் சொன்னது இது: "காலையில எண்ணெ பாத்தேன். சரியா இருந்திச்சி. அந்த ஃபில்டர் நம்ம லோரிக்கு உள்ளது இல்ல. மாட்ட மாட்டேன்னு கிராணிகிட்டயே சொன்னேன்."

கிராணி மலாயில் சொன்னது இது: "டியா லூப்பா பெரிக்சா மின்ஞாக். டியா மிந்தா மாஆஃப்." எண்ணெய் பார்க்க மறந்துவிட்டாராம். மன்னிப்புக் கேட்கிறாராம்.

போலீஸ்காரர் அதை எழுதினார். என் தகப்பனார், தாம் சொன்னதுதான் எழுதப்படுகிறது என்று நினைத்து ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுக் கிராணிக்கு நன்றி சொன்னார். என் கையில் காப்பி ஆறிப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு கிராணி போலீஸ்காரரை லோரிக்குக் கூட்டிப்போய் எண்ணெய்க் கம்பியை இழுத்துக் காட்டினார். அதில் எண்ணெய் இல்லை. எப்படி இருக்கும்? எல்லாம் பாறை ஏற்றத்தில் கொட்டிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் சொன்னேன். என் தகப்பனார் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என் தாயார் செல்லம்மா என் வாயைக் கையால் பொத்தினார். மறுநாள் குழாயடியில் கிராணி வண்டியை நிறுத்தி, "மெக்கானிக்கம்மா, நல்லாப் படிக்கிற புள்ள நீ. அப்பா லைசன்ஸ் போனாலும் வீடாவது மிஞ்சணும்ல. பாத்துக்க," என்றார். அதே இடத்தில்தான் பாஞ்சாலை அக்காவின் கணவர் நல்லுசாமி அண்ணன் குடத்தை வைத்துவிட்டு, "எண்ணெ பாக்கத் தெரியாதவனுக்கு ஸ்டேரிங் ஒரு கேடு," என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் மனைவிக்குக் கால் முறிந்துவிட்டது. அவரை அப்படிப் பேச வைத்தவர் மேல்தான் கோபம்.

என் தகப்பனார் மேல் கவனக்குறைவு வழக்குப் போடப் போகிறார்கள். அவர் கோர்ட்டிலும் தலையை ஆட்டிவிடுவார் என்று பயப்படுகிறேன். அதனால் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த ஃபில்டர் இன்னும் லோரியில்தான் இருக்கிறது. லோரி கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறது. சரியான ஃபில்டர் ஈப்போவிலிருந்து வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி ஃபிட்டர் வந்து எஞ்சினைக் கழற்றுவார். கழற்றினால் அந்த ஃபில்டர் ஸ்டோருக்குப் போகும். ஸ்டோருக்குப் போனால் நசுக்கப்படும். அதுதான் நடைமுறை. யாரும் அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்கு முன் யாரையாவது அனுப்பி அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தவுக்கேயையும் கேட்க வேண்டும்.

பழைய ரப்பர் வளையத்தை இந்தத் தாளோடு ஊசி நூலால் தைத்திருக்கிறேன். அதை ஃபில்டரின் வாயில் வைத்துப் பார்த்தால் போதும். அதற்கு மலாயும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

இதில் உள்ளது எல்லாம் நானே கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்லவில்லை. ஒருமுறை படித்துப் பார்த்து, சரி என்று தெரிந்து கையெழுத்திடுகிறேன்.

கா. அம்சவல்லி
புதன்கிழமை இரவு

பார்த்து முடிந்ததும் வளையத்தை என் தகப்பனார் கையில் கொடுக்கவும். ஸ்டோரில் கொடுக்க வேண்டாம்.