கோழியோடு பறந்த கூரை

லிம்பானி: ...அடிச்ச காத்துல எங்க வீட்டு மொத்தக் கூரையும் ஒரே துண்டாக் கிளம்பி ஆத்தைத் தாண்டிப் போச்சு மச்சான். ஒரு மூங்கில் விலகல. மேல அடைகாத்துக்கிட்டிருந்த கோழி எழுந்திருக்கக்கூட இல்ல.

மவூட்டோ: கோழியோட...

லிம்பானி: நடு ஆத்துல இன்னொரு முட்டை போட்டுச்சு.

மவூட்டோ: அடையில இருக்கிற கோழி எப்படிய்யா முட்டை போடும்? தோக்கோ, உன் புருஷன் ஸோம்பா டவுனுல முப்பது வருஷம் தபால் கொடுத்தாரா, கதை கொடுத்தாரா?

தோக்கோ: நான் தண்ணிக்குப் போயிருந்தேண்ணே. வந்து பார்த்தா நாலு மண்சுவரும் வானமும்தான்.

மவூட்டோ: தகரம் போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்.

லிம்பானி: தகரத்துக்கு எங்க போவேன்? அதுக்கேத்த மரச்சட்டத்தை இந்தச் சுவரு தாங்குமா? அதான் மூங்கிலைப் பிளந்து பாய் மாதிரி பின்னி, உரச்சாக்கைப் பிரிச்சு விரிச்சு, மேல மெல்லிசாப் புல்லு. ரெண்டு பேர் போதும் தூக்க.

மவூட்டோ: காத்து ஒருத்தனே தூக்கிட்டான்.

தோக்கோ: மேல கல்லு வைங்கன்னேன். வச்சா அழகு போயிடும்னாரு.

லிம்பானி: அது... என் தப்புதான்.

மவூட்டோ: ஆத்துக்கு அந்தப் பக்கம் என் வீடுதானே இருக்கு? வந்திருந்தா எனக்குத் தெரியாதா? கூரையைக் கள்ளுக்கு வித்துட்டார்னு ஊரே பேசுது.

லிம்பானி: ஊருக்கு யார் சொன்னது?

மவூட்டோ: ...அது எதுக்கு இப்ப? பொண்டாட்டி ஊர்ல வாழ வந்தவன் அவளுக்குக் கூரை போடணும். முடியலன்னா மூட்டையைக் கட்டணும். நாளைக்குப் பெரியவங்க கூடுறாங்க. அண்ணங்கிற முறைக்கு நான்தான் பேசியாகணும்.

தோக்கோ: மேற்கால மேகம் கட்டிருச்சுண்ணே. ஒரு மழைக்கு இந்தச் சுவரு நிக்காது. கரைஞ்சு அடுப்புமேலயே...

லிம்பானி: மச்சான், வித்துட்டேன்னு ஒத்துக்கிட்டா?

மவூட்டோ: என்னது?

லிம்பானி: என்னை அனுப்பிடுவீங்க. அப்புறம் இவளுக்குக் கூரை போடறது கூடப்பிறந்தவங்க பொறுப்புத்தானே? இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள போட்டுடுவீங்கல்ல?

தோக்கோ: என்ன பேசுறீங்க...

லிம்பானி: நீ சும்மா இரு. ஆமா மச்சான், பறக்கல. கோழியும் பொய். வித்துக் குடிச்சேன். பெரியவங்ககிட்ட அப்படியே சொல்லிடுங்க.

தோக்கோ: அண்ணே, ஏன் தரையைப் பார்க்கிற? போன வாரம் உன் வீட்டுக்கு வந்தேன். அண்ணி சோளக்களி கூட வாசல்லதான் கொடுத்தா, உள்ள விடல. அன்னிக்கும் நீ இப்படித்தான்...

மவூட்டோ: அவர் விக்கல.

லிம்பானி: வித்தேன்னு நானே சொல்றேனே.

மவூட்டோ: விக்கலய்யா. என் கொல்லையில வந்து எறங்குச்சு. ஒரே துண்டா. பின்கட்டு அறைக்கு வச்சுப் பார்த்தேன், அளவெடுத்த மாதிரி இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன். கள்ளுப் பேச்சைக் கிளப்பினதும் நான்தான்... கிளம்பு மாப்ளே, நீயும் நானும் போதும் தூக்க. கல்லை நான் சுமந்துட்டு வர்றேன்.

தோக்கோ: அப்ப... கோழி?

மவூட்டோ: அதை மட்டும் கேக்காதே தங்கச்சி. எழுந்திருக்கவே இல்ல, உக்காந்தபடியேதான் வந்துச்சு. குழம்பு வச்சிட்டோம்.